எமில் ஹவ்லிக்கின் ஆறு பேர்

மிஸ் ட்ரம்புல் தன் கடைப் படியேறி வருவதை ஜன்னல் வழியே பார்த்ததும், எமில் ஹவ்லிக் மேஜை இழுப்பறையைத் திறந்து சலவைக் கைக்குட்டை ஒன்றை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டார். அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் லார்க்டன் ஊரில் இருபத்தாறு வருஷமாகச் சவ அடக்கத் தொழில் செய்கிறவர் அவர். அந்தப் படியைச் சிரித்துக்கொண்டே ஏறியவர் இதுவரை ஒருவரும் இல்லை.

மிஸ் ட்ரம்புல் உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. அறுபது வயது. லத்தீனும் கணக்கும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அந்த வருஷம், 1943 செப்டம்பரில், ஆண் ஆசிரியர்கள் ஒவ்வொருவராகப் போருக்குக் கிளம்பிவிட்டதால் தச்சு வேலையும் அவர் தலையில் விழுந்திருந்தது.

"கோச் போயிட்டார், மிஸ்டர் ஹவ்லிக்," என்றார் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து.

"அடடா." எமிலின் குரல் இயல்பாகவே தணிந்தது. "எப்போ?"

"நேத்து சாயங்காலம். யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலை."

"தூக்கத்துலயேவா?"

"தூக்கத்துல எப்படிப் போவார்? அஞ்சரை மணி ரயில்லதான் போனார்."

எமில் கைக்குட்டையை மெல்ல நீட்டினார். "ரயில்லயா, பாவம். இப்ப உடம்பு எங்க இருக்கு?"

"சான் டியாகோவுக்குப் போய்க்கிட்டிருக்கு. கடற்படையில சேர்ந்துட்டார்ங்க!"

எமில் கைக்குட்டையை மடித்து மறுபடி இழுப்பறையில் வைத்தார். காதுமடல் இரண்டும் சிவந்துவிட்டன.

அந்த அம்மாள் வந்த காரியம் வேறு. பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு, தடுப்பவர்களை இடித்துத் தள்ளிக் கோட்டைத் தாண்டுகிற அமெரிக்க ஃபுட்பால் ஆடும் பள்ளி அணிக்கு இப்போது கோச்சும் இல்லை, வெளியூர் போக வண்டியும் இல்லை. பள்ளிப் பேருந்தின் டயர்கள் தேய்ந்து முட்டை ஓடு மாதிரி ஆகியிருந்தன. அதற்குக் கிடைக்கும் ரேஷன் பெட்ரோல் பண்ணைப் பிள்ளைகளைக் கூட்டிவரவே போதவில்லை. ஊரில் நினைத்த நேரத்தில் பெட்ரோல் கிடைக்கும் வண்டிகள் மூன்றுதான். ஒன்று டாக்டருடையது. இன்னொன்று பால்காரருடையது. மூன்றாவது எமிலின் நீளமான கறுப்புச் சவ வண்டி.

"வண்டியைத்தானே கேக்கறீங்க?" என்றார் எமில்.

"வண்டியையும் கேக்கறேன், உங்களையும் கேக்கறேன். உங்களுக்கு ஆட்டம் தெரியும்ல?"

"பாத்திருக்கேன். யாருக்காவது கால் முறிஞ்சா தூக்கிட்டுப் போக வண்டியோட ஓரமா நிப்பேன்."

"அது போதும். மத்ததைப் புஸ்தகத்துல படிச்சுக்கலாம்."

எமில் மறுத்திருப்பார். மறுக்கவேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். ஆனால் போன வாரம் நடந்தது ஞாபகம் வந்தது. ஊரில் திடமான ஆண்கள் எல்லோரும் போருக்குப் போய்விட்டதால் ஓய்வுபெற்ற நீதிபதியின் சவப்பெட்டியைத் தூக்க ஆள் கிடைக்கவில்லை. எழுபது தாண்டிய கிழவர்கள் மூன்று பேர், ஒற்றைக்கால் ஊனமான நாவிதர், எமில், எமிலின் மனைவி லூடி என்று ஆறு பேர் பிடித்தார்கள். கல்லறைத் தோட்டத்துச் சரிவில் ஒரு கிழவருக்கு மூச்சு வாங்கியது. நீதிபதி இருபதடி தூரம் தனியாகவே சறுக்கிக்கொண்டு போய், கடைசியில் தனக்கு ஆகாத வக்கீலின் கல்லறையில் முட்டிக்கொண்டு நின்றார்.

"உங்க அணியில எத்தனை பேர்?" என்று கேட்டார் எமில்.

"நம்மள மாதிரி சின்னப் பள்ளிக்கூடத்துல பதினோரு பேருக்கு எங்க போறது? ஆறு பேர் ஆட்டம்தானே. சரியா ஆறு பேர்."

எமில் ஆறு என்ற எண்ணை வாய்க்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒரு பெட்டிக்கு ஆறு கைப்பிடி.

இப்படியாக ஒப்பந்தம் ஆயிற்று. பையன்கள் பெட்டி தூக்கவேண்டும். எமில் பந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். பெட்ரோல் விஷயத்தில் மட்டும் எமிலுக்கு மனது உறுத்தியது. சவத்துக்குக் கொடுத்த பெட்ரோலில் விளையாடப் போவது தப்பில்லையா? மிஸ் ட்ரம்புல் அன்றைக்கே ரேஷன் குழுவுக்கு ஒரு மனு எழுதினார்: 'இவ்வூர் இறுதிச் சடங்குகளுக்கு இன்றியமையாத ஆறு நபர்களின் உடல்வலுவைப் பேணும் பொருட்டு.' நீதிபதி சறுக்கியதைக் கண்ணால் பார்த்தவர்கள்தான் குழுவில் இருந்தார்கள். கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டார்கள்.

முதல் நாள் பயிற்சிக்கு எமில் கறுப்புக் கோட்டும் தொப்பியுமாகவே மைதானத்துக்கு வந்தார். பையன்கள் வரிசையாக நின்றார்கள். தலைவன் டேல் ஸ்வோபோடா, பதினேழு வயது, ஒல்லி, ஓடினால் முயல். ஷூல்ட்ஸ் இரட்டையர் எர்வினும் மெர்வினும். யார் யார் என்று பெற்ற தாயே முதுகிலிருக்கும் மச்சத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பாள். கஸ் என்கிற மலை. மூக்குக்கண்ணாடி இல்லாவிட்டால் கைவிரலே தெரியாத நார்பர்ட். லியோ என்று ஒருவன், எதற்கெடுத்தாலும் பசிக்கிறது என்பவன்.

எமிலுக்குக் கத்த வராது. வாழ்நாளில் ஒருமுறைகூடக் கத்தியதில்லை. அவர் பேச்சு பஞ்சில் சுற்றிய மாதிரி இருக்கும்.

"தம்பிங்களா," என்றார், "இந்தக் கஷ்டமான நேரத்துல நீங்க எல்லாரும் வந்ததுக்கு ரொம்ப நன்றி."

"என்ன சார் சொல்றீங்க? காது கேக்கலை," என்றான் கஸ்.

"கிட்ட வாங்கடா," என்றான் டேல். ஆறு பேரும் அவர் முகத்துக்கு நேரே கோழிக்குஞ்சுகள் போலக் கூடினார்கள். சீசன் முடியும்வரை அப்படித்தான்.

புத்தகத்தை அவர் இன்னும் முதல் அத்தியாயம் தாண்டவில்லை. ஆகவே தனக்குத் தெரிந்ததிலிருந்து ஆரம்பித்தார். காலிப் பெட்டி ஒன்றில் சோள மூட்டைகளை அடுக்கி, ஆறு பேரையும் பிடிக்கச் சொல்லி மைதானத்தை நான்கு சுற்று வரவைத்தார். "முழங்காலை மடிங்க. முதுகை வளைக்காதீங்க. பக்கத்துல இருக்கிறவனோட காலைப் பாக்காதீங்க, மூச்சைக் கேளுங்க. ஒருத்தர் முந்தினாலும் ஒருத்தர் பிந்தினாலும் உள்ள இருக்கிறவருக்கு மரியாதை இல்லை."

சாலையில் டிராக்டரில் போன விவசாயி ஒருவர் வண்டியை நிறுத்தி, தொப்பியைக் கழற்றி, தலைகுனிந்து நின்றார். நான்காவது சுற்றிலும் அதே பெட்டி வந்தபோது, தொப்பியைப் போட்டுக்கொண்டு யோசனையோடு கிளம்பிப் போனார்.

முதல் ஆட்டம் பன்னிரண்டு மைல் தள்ளி டோர்வில் ஊரில். டோர்வில் அணியின் கோச் ஜோ பெனெஷ், லூடியின் உடன்பிறந்த அண்ணன். அவர் தொண்டை வேறு ரகம். சாதாரணமாக உப்பு கேட்டாலே பக்கத்து வீட்டில் எடுத்துக் கொடுப்பார்கள்.

சவ வண்டி மைதான வாசலில் திரும்பியதும் டோர்வில்காரர்கள் இருநூறு பேரும் எழுந்து நின்றார்கள். ஆண்கள் தொப்பியைக் கழற்றினார்கள். வாத்தியக் குழு பாதிப் பாட்டில் நிறுத்திக்கொண்டது. எமில் வழக்கம்போல நிதானமாக இறங்கி, பின்பக்கம் நடந்து, கதவுகளைத் திறந்தார். உள்ளே படுத்துக்கொண்டு வந்த கஸ் எழுந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டான். முன் வரிசையில் ஒரு அம்மாள் மயங்கிச் சரிந்தாள்.

ஜோ பெனெஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "என்ன மச்சான், ஆட்டம் முடிஞ்சப்புறம் ஏத்த வேண்டியவங்களை இப்பவே ஏத்திட்டு வந்துட்டீங்க?"

அவர் சொன்னது பெரும்பாலும் பலித்தது. பாதி ஆட்டத்தில் டோர்வில் முப்பத்திரண்டு, லார்க்டன் ஆறு. இடைவேளையில் பையன்கள் எமிலைச் சுற்றிக் கூடினார்கள்.  எமிலின் வாய் தானாகவே இழவு வீட்டில் பழகிய வார்த்தைகளைச் சொன்னது.

"நம்மால முடிஞ்சதையெல்லாம் நாம செஞ்சாச்சு. இனி ஆண்டவன் கையில. இந்த வலி இன்னிக்குப் பெருசாத்தான் தெரியும். காலப்போக்குல ஆறும்." ஒவ்வொருவர் கையையும் தன் இரண்டு கைகளாலும் பொத்தி அழுத்தினார்.

கஸ் தேம்பித் தேம்பி அழ ஆரம்பித்தான். அதைப் பார்த்து இரட்டையரும் அழுதார்கள். கண் கலங்கிய ஆறு பேராகத் திரும்ப இறங்கினால் ஆட்டம் எப்படி இருக்கும்? நாற்பத்தைந்து புள்ளி வித்தியாசம் வந்தால் ஆட்டத்தை அத்தோடு நிறுத்துவது அந்தப் பக்கத்து வழக்கம். மூன்றாம் பகுதியிலேயே நிறுத்திவிட்டார்கள். திரும்பும் வழியில் "பசிக்குது," என்று லியோ மட்டும் ஒருமுறை சொன்னான்.

ஆனால் அந்தச் செப்டம்பர் மாதம் லார்க்டனில் வயதானவர்கள் நான்கு பேர் அடுத்தடுத்துக் காலமானார்கள். நான்கு பெட்டிகளையும் பையன்கள் தூக்கினார்கள். அப்பன்களின் கறுப்புக் கோட்டு, விரல்நுனி தாண்டித் தொங்கும் கை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை. எமில் முன்னால் நடப்பார். திரும்பிப் பார்க்காமலே உதடு அசையாமல் முணுமுணுப்பார்: "இடது. மெதுவா. இப்போ இறக்கம்." அழுகைச் சத்தத்துக்கும் பாதிரியாரின் ஜெபத்துக்கும் நடுவே அந்த முணுமுணுப்பு மட்டும் ஆறு பேருக்கும் துல்லியமாகக் கேட்கும்.

இது மைதானத்தில் இப்படி வேலை செய்யும் என்று எமில் கனவிலும் நினைக்கவில்லை. மற்ற அணித் தலைவர்கள் எந்தப் பக்கம் நகர்வது என்ற குறிச்சொற்களைத் தொண்டை கிழியக் கத்துவார்கள். எதிராளி பாதியைக் கேட்டே புரிந்துகொள்வான். டேல் முணுமுணுத்தான். தன் ஐந்து பேரைத் தவிர யாருக்கும் அது கேட்கவில்லை. ஓரத்தில் நின்ற எமிலும் பழக்கத்தில் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். ஆறு பேரும் ஒரே நொடியில், ஒரே உயரத்தில் குனிந்து, ஒரே பக்கமாக நகர்ந்தார்கள். எதிரணிக்காரன் எழுந்து தூசி தட்டும்போது டேல் கோட்டைத் தாண்டிப் போயிருப்பான்.

இரண்டாவது ஆட்டத்தில் ஜெயித்தார்கள். மூன்றாவதிலும் ஜெயித்தார்கள். எமில் வீட்டுக்கு வந்து லூடியிடம் சொன்னார், "லூடி, இன்னிக்கு நமக்கு இருபத்தாறு, அவங்களுக்குப் பன்னெண்டு."

"யாரு வீட்டுல?" என்றாள் லூடி அடுப்படியிலிருந்து, பதறிப்போய்.

அக்டோபர் நடுவில் ஸ்வோபோடா வீட்டுக்குத் தந்தி வந்தது. டேலின் அண்ணன் ரேமண்ட் இத்தாலியில் இறந்துவிட்டான். இருபத்திரண்டு வயது. நாலு வருஷம் முன்னால் இதே அணியில் ஆடியவன். எமிலின் கடை வாசலில் நின்று, "மிஸ்டர் ஹவ்லிக், வியாபாரம் எப்படி?" என்று கேட்டு அவரைச் சங்கடப்படுத்துகிற ஒரே பையன்.

உடல் வரவில்லை. அங்கேயே எங்கோ அடக்கம் செய்துவிட்டார்களாம். தேவாலயத்தில் பூசை மட்டும் வைத்தார்கள். எமில் கறுப்புக் கோட்டோடு வந்தார். பழக்கதோஷத்தில் ஆறு பேரும் கறுப்புக் கோட்டோடு வந்து பீடத்தின் இருபுறமும் மூன்று மூன்று பேராக நின்றார்கள். அங்கே ஒரு புகைப்படமும் இரண்டு மெழுகுவத்திகளும்தான் இருந்தன.

பூசை முடிந்ததும் டேல் எமிலைப் பார்த்தான். "சார், நாங்க எதைப் பிடிச்சுக்கறது?"

இருபத்தாறு வருஷத்தில் யார் எதைக் கேட்டாலும் பதில் சொன்ன மனிதர் அவர். எந்தப் பூ வைப்பது, எந்தப் பாட்டுப் பாடுவது, அழுகிற பெண்ணை யார் தாங்கிப்பிடிப்பது, எல்லாம் தெரியும்.

"தெரியலப்பா," என்றார்.

ஆறு பேரும் வெறுங்கையோடு வாசல்வரை நடந்தார்கள். ஆனாலும் கால்கள் தப்பவில்லை. எமில் தேவாலயத்தின் பின்பக்கம் போய், வண்டியின் மட்கார்டைத் துடைக்கிற சாக்கில் வெகுநேரம் நின்றார்.

அடுத்த ஆட்டத்துக்கு டேல் வரவில்லை. ஆள் குறைந்ததால் எதிரணியிடமே ஒரு பையனைக் கடன் வாங்கி ஆடினார்கள். அவன் பழக்கத்தில் தன் ஊர்ப் பக்கமே ஓடினான். தோற்றார்கள். அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை பயிற்சி நேரத்தில் டேல் மைதானத்து வேலி ஓரமாக வந்து நின்றான். எமில் அருகில் போனார்.

"வீட்டுல எல்லாரும் கிசுகிசுன்னே பேசறாங்க சார்," என்றான். "அம்மா, அப்பா, பக்கத்து வீட்டுக்காரங்க. ஸ்கூல்லயும் அப்படித்தான். கதவைக்கூட மெதுவா சாத்தறாங்க. பைத்தியம் பிடிக்குது. யாராவது என்னைப் பேர் சொல்லிக் கத்தித் திட்டினாத் தேவலை போல இருக்கு."

எமில் அவனையே பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி வேலிக்கம்பியில் மாட்டினார். கழுத்துப் பட்டியைத் தளர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஸ்வோபோடா!"

முதலில் வந்தது சேவல் கழுத்தை யாரோ பிடித்த மாதிரி ஒரு சத்தம். மைதானத்தில் ஐந்து பேரும் சிலையானார்கள். மரத்திலிருந்து காக்கைகள் கிளம்பின. எமில் விடவில்லை.

"என்னடா வேலியில தொங்கிட்டு நிக்கிறே, துணி காயற மாதிரி! நேரமாகலை? ஓடுடா சோம்பேறி! நாலு சுற்று! ஓடு!"

கடைசி வார்த்தையில் குரல் இரண்டாகப் பிளந்து கீச்சென்று மேலே போயிற்று. நார்பர்ட் முதலில் சிரித்தான். பிறகு எல்லோரும் தரையில் உருண்டார்கள். டேல் வேலியைப் பிடித்துக்கொண்டு குலுங்கினான். சிரிக்கிறானா அழுகிறானா என்று எமிலுக்குப் புலப்படவில்லை. இரண்டும்தான் என்று தோன்றியது. அப்புறம் அவன் வேலியைத் தாண்டிக் குதித்து நாலு சுற்று ஓடினான்.

அன்றிலிருந்து எமிலுக்குக் கத்தும் ருசி வந்துவிட்டது. பயிற்சியில் எல்லோரையும் பார்த்துக் கத்தினார். வீட்டில் ரொட்டியை எடுத்துத் தரச்சொல்லிக் கத்தி, லூடியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். "எங்க அண்ணன் ஒருத்தன் போதாதா இந்தக் குடும்பத்துக்கு?" ஐந்தாவது ஆட்டத்தில் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தார்கள். மிச்சம் ஒன்றுதான். பெட்ரோல் தட்டுப்பாட்டால் பக்கத்து ஊரோடு இரண்டு முறை ஆடுவது என்று ஏற்பாடு. கடைசி ஆட்டமும் டோர்வில்லில்தான்.

அந்த ஆட்டம் நடக்கவிருந்த வெள்ளிக்கிழமை காலைதான் திருமதி ஓல்சனின் அடக்கம் அமைந்தது. நல்ல மனுஷி. முன்னூறு பவுண்டு எடை. பெட்டியைச் சரிவில் ஏற்றி இறக்கியதில் கஸ்ஸுக்கே கைவிரல் விறைத்துப்போயிற்று. பாதிரியாரோ அம்மாளின் ஆப்பிள் பண்டங்களை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து முக்கால் மணி பேசினார். லியோ வாய் ஊறி நின்றான். எல்லாம் முடிந்து வண்டியில் பாய்ந்தபோது ஆட்டத்துக்கு நாற்பது நிமிஷம்தான் இருந்தது.

டோர்வில்லுக்கு நான்கு மைல் இருக்கும்போது பின் டயர் வெடித்தது. மாற்று டயர் கிடையாது. அந்த வருஷம் யாரிடமும் கிடையாது. பையன்கள் சாலையில் நின்று கையை ஆட்டினார்கள். சவ வண்டியைப் பார்த்ததும் இரண்டு கார்கள் வேகத்தைக் கூட்டிப் பறந்தன. மூன்றாவதாகப் பன்றி ஏற்றிய லாரி வந்தது.

"முன்னால இடமில்லை, பின்னாடிதான்," என்றார் லாரிக்காரர். "அதுங்க கடிக்காது. நக்கும்."

கோட்டும் தொப்பியுமாக எமில் பன்றிகள் நடுவே நின்றுகொண்டே போய்ச் சேர்ந்தார். ஜோ பெனெஷ் மூக்கைப் பொத்திக்கொண்டு எதிரே வந்தார்.

"மச்சான், போன தடவை சவ வண்டி, இந்தத் தடவை பன்னி வண்டி! அடுத்த தடவை எதுல?"

"உங்க முதுகுல!" என்று கத்தினார் எமில்.

ஜோ ஓரடி பின்வாங்கினார். தங்கை புருஷனுக்குத் தொண்டை இருப்பதே பதினெட்டு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

ஆட்டம் மும்முரமாக நடந்தது. பன்றி வாசனையும் கொஞ்சம் உதவியது. டோர்வில் பையன்கள் கட்டிப்பிடித்து வீழ்த்த வேண்டிய இடத்தில் எல்லாம் சற்றே தயங்கினார்கள். கடைசி நிமிஷத்தில் டோர்வில் இருபது, லார்க்டன் பத்தொன்பது. பந்து லார்க்டன் கையில். கோட்டுக்கு எட்டு கஜம்.

டேல் முணுமுணுத்தான். ஆறு பேரும் குனிந்தார்கள். நகர்ந்தார்கள். பந்து டேல் கையில் வந்து விழுந்தது. வலப்பக்கம் இரண்டு பேர் அவனை நோக்கிப் பாய்வதை ஓரத்தில் நின்ற எமில் பார்த்தார். அவருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை, புத்தகத்தின் ஏழாம் அத்தியாயத்தில் தடித்த எழுத்தில் அச்சிட்டிருந்த விதி உட்பட.

"இடது! இடதுபக்கம் ஓடுடா டேல்!"

கிழக்கே ரயிலடிவரை கேட்டிருக்கும். டேல் இடப்பக்கம் வெட்டினான். கோட்டைத் தாண்டினான். ஆட்டம் பார்க்க வந்திருந்த லார்க்டன்காரர்கள் பதினெட்டு பேரும் குதித்தார்கள். மிஸ் ட்ரம்புல் தொப்பியை மேலே எறிந்தார்.

விசில் அடித்தது. நடுவர் வந்து எமிலின் எதிரே நின்றார். ஆட்டம் ஓடும்போது வெளியே நிற்கிற கோச் ஆட்டக்காரனுக்கு வழி சொல்லக் கூடாது. புள்ளி செல்லாது. பதினைந்து கஜம் பின்னால்.

"அஞ்சு ஆட்டமா நீங்க என்னவோ முணுமுணுத்துட்டுதான் இருந்தீங்க," என்றார் நடுவர் வருத்தத்தோடு. "எங்க யாருக்கும் கேக்கலை, விட்டுட்டோம். இன்னிக்குக் கேட்டுருச்சே, என்ன பண்ண?"

மிச்சமிருந்த ஒரே வாய்ப்பில் டேல் பந்தை உயர வீசினான். நார்பர்ட் அதன் அடியில் மிகச் சரியாகப் போய் நின்றான். பந்து அவன் மூக்குக்கண்ணாடியில் விழுந்தது. ஆட்டம் முடிந்தது.

எமில் ஓரத்திலேயே நின்றார். பையன்கள் சேறும் வியர்வையுமாக வந்து வழக்கம்போலச் சுற்றிக் கூடினார்கள்.  எமில் தொப்பியைக் கழற்றினார்.

"என்னாலதான்," என்றார், பழைய பஞ்சுக் குரலில்.

"கேட்டுச்சு சார்," என்றான் டேல்.

"என்னது?"

"உங்க குரல். அத்தனை இரைச்சல்லயும் என் பேர் தெளிவாக் கேட்டுச்சு." அவன் மூச்சிரைத்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. "நல்லா இருந்தது சார்."

கஸ் எமிலைப் பின்னாலிருந்து தூக்கினான். மற்றவர்கள் கால்களைப் பிடித்தார்கள். மூன்று பேர் ஒருபுறம், மூன்று பேர் மறுபுறம், ஒரே உயரத்தில், ஒரே நடையில் மைதானத்தைச் சுற்றினார்கள். "இறக்கி விடுங்கடா! ஆள் இன்னும் உயிரோட இருக்கேன்!" என்று எமில் கத்திய கத்தலுக்கு டோர்வில்காரர்களும் கை தட்டினார்கள்.

ஜோ பெனெஷ் அன்று மாலை தன் காரிலிருந்து ஒரு டயரைக் கழற்றினார். சவ வண்டிக்கு அது பொருந்தவில்லை. பொருந்தாததை ஊருக்கே கேட்கும்படி திட்டிவிட்டு, பட்டறைக்காரரைப் பிடித்து ஒட்டுப்போட ஏற்பாடு செய்தார். ஒட்டு காயும்வரை எல்லோரும் அவர் வீட்டில் சாப்பிட்டார்கள். கொல்லையில் இரண்டு வாளி வெந்நீர் ஊற்றிக் குளித்தபிறகுதான் ஜோவின் மனைவி உள்ளே விட்டாள். லியோ பதினோரு பிளம் பழ ரொட்டி தின்றான். அவன் வாயிலிருந்து பசி என்ற சொல் அன்று மட்டும் வரவில்லை. டேல் இரண்டாவது தட்டு வருவதற்குள் மேஜையிலேயே தலைவைத்துத் தூங்கிப்போனான். யாரும் அவனுக்காகக் குரலைத் தணிக்கவில்லை. எமிலும் ஜோவும் அந்தக் கடைசி விசில் சரியா தப்பா என்று மேஜையைத் தட்டித் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.